இருளாத ஊரில் இஷா

 

பயணக் குறிப்பு எழுதும் வழக்கம் நமக்கில்லை. கடற்கரை ஊர் ஒன்றின் மதரஸாவில் இருபது ஆண்டுகளுக்கு மேலாக ஃபிக்ஹுப் பாடம் நடத்திவரும் நமக்கு, ஊருக்கும் சென்னைக்கும் இடையிலான இரயில் பயணமே நெடும்பயணம். ஆயினும் 2024 ஜூன் இறுதியில் ஸ்காட்லாந்தின் வடகரையோரம் ஐந்து நாள்கள் காரில் சென்றுவர அல்லாஹ் வாய்ப்பளித்தான். அங்கே கண்ட பறவைகளைப் பற்றியும், அங்கே நமக்குப் புலப்பட்ட நம் தவறு ஒன்றைப் பற்றியும் எழுதிவைக்க வேண்டும் என்று தோன்றியது.

எம் இல்லத்தாரின் தம்பி பணி நிமித்தம் பல்லாண்டுகளாக இன்வர்னஸ் நகரில் வாழ்கிறார். விமானச் சீட்டும் விசாச் செலவும் அவருடையவை. அழைப்பின் உண்மைக் காரணத்தைத் தொலைபேசியில் அவரே கூறினார்: "மச்சான், மகன் தொழுகையை விட்டுவிட்டான். நான் சொன்னால் எழுந்து போய்விடுகிறான். நீங்கள் ஆலிம்களோடு இருப்பவர். நீங்கள் பேசினால் கேட்பான்." மகனுக்கு வயது பதினாறு. அவனுக்குப் பறவைகளின் மீது பெரும் பற்று. ஆகவே பள்ளி விடுமுறை தொடங்கியதும் அவன் விரும்பிய வழியில் செல்வது, போகிற வழியில் நாம் அவனுக்கு நல்லுரை கூறுவது என்பது ஏற்பாடு. அந்நல்லுரையைக் குறிப்பேட்டில் நான்கு பக்கம் எழுதியே எடுத்துச் சென்றோம்.

முதல் நாள் லுஹருக்கு முன்பே சானன்ரி முனைக்கு அழைத்துச் சென்றான் மருமகன். மோரே வளைகுடாவுக்குள் நாக்குப்போல் நீண்ட மணற்கூழாங்கல் திட்டு; நுனியில் ஒரு வெண்ணிறக் கலங்கரை விளக்கம். கடல்நீர் ஏறும் நேரத்தை அவன் முன்னரே கணக்கிட்டிருந்தான். நீர் ஏறும்போது சால்மன் மீன்கள் ஆற்றுமுகம் நோக்கி இந்த ஒடுங்கிய வாயின் வழியே வரும். அவற்றைப் பிடிக்க ஓங்கல்கள் வரும். டால்பின் என்று பாடநூல் கூறுவதை எங்கள் கரையில் ஓங்கல் என்றே சொல்வோம். கரையில் நின்ற எங்களுக்கு இருபது அடிக்கு அப்பால் அவை புரண்டெழுந்தன. மன்னார் வளைகுடாவில் வலையோரம் கண்டவற்றைவிட உடல் பருமன் மிகுதி. உலகில் இவ்வினத்து ஓங்கல்கள் நிலையாக வாழும் வடகோடி இடங்களில் ஒன்று இது என்றும், குளிரைத் தாங்கவே இவ்வளவு கொழுப்பு என்றும் விளக்கினான். காரில் ஒரு சொல்லும் பேசாத பிள்ளை அங்கே வாய் ஓயாமல் பேசினான். முதுகுத் துடுப்பின் வெட்டுகளையும் வடுக்களையும் கொண்டு ஒவ்வோர் ஓங்கலையும் ஆய்வாளர்கள் தனித்தனியே அடையாளம் காண்பர் என்றான். பின்பு நம்மைப் பார்த்து, "மாமா, உங்கள் ஊரில் ஆவுளியா உண்டல்லவா? பார்த்திருக்கிறீர்களா?" என்றான்.

கடற்பசுவைத்தான் கேட்டான். பார்த்ததில்லை. நாற்பத்தாறு ஆண்டுகள் அக்கடலருகே வாழ்ந்தும் பார்த்ததில்லை என்று சொல்ல நாணமாயிருந்தது. "தனுஷ்கோடிக்குப் பூநாரைகள் எந்த மாதம் வரும்?" என்பது அடுத்த கேள்வி. அதற்கும் விடை தெரியவில்லை. குளிர்காலத்தில் என்று பொதுவாகச் சொல்லிவைத்தோம்.

அங்கிருந்து வடக்கே சாலையோரம் லாக் ஃப்ளீட் என்னும் கடற்கழி. நீர் வடிந்த மணல்மேட்டில் கடல்நாய்கள் தலையும் வாலும் மேல்நோக்கி வளைந்து, வாழைப்பழத் தார் சரிந்தாற்போல் கிடந்தன. காரை விட்டு இறங்காமலே காணலாம். உணவுச் செய்தியையும் ஒரு வரியில் சொல்லிவிடுவோம்: பேரீச்சையும், எம் இல்லத்தார் கொணர்ந்த இட்லிப் பொடியும், மீன் தகரங்களும் போதுமாயிருந்தன. கடைகளில் உருளைக்கிழங்கு வறுவலைக்கூட எந்தக் கொழுப்பில் பொரித்தீர்கள் என்று கேட்டே வாங்க வேண்டும். மாட்டுக் கொழுப்பில் பொரிக்கும் கடைகள் அங்குண்டு.

இரண்டாம் நாள் டன்கன்ஸ்பி முனை. கடலுக்குள் கூம்பு கூம்பாக நிற்கும் பாறைகள். ஓர்க்கா திமிங்கிலங்கள் அவ்வழியே செல்வதுண்டு என்று நான்கு மணி நேரம் காத்திருந்தோம். ஒன்றும் வரவில்லை. காற்று மட்டும் வந்தது. எம் இல்லத்தாரின் முக்காட்டை அது படுத்திய பாடு சொல்லி முடியாது. மைத்துனர் பொறுமையிழந்து காருக்குத் திரும்பினார். மகனோ தொலைநோக்கியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. வராத ஒன்றுக்காக நான்கு மணி நேரம் அசையாமல் நிற்கும் இப்பிள்ளையையா பொறுமையற்றவன் என்று அவன் தந்தை சொன்னார் என்று எண்ணிக்கொண்டோம்.

அன்று மாலை சென்ற டன்னட் முனைதான் பிரிட்டனின் பெருநிலத்தில் வடகோடி. ஏறத்தாழ நூறு மீட்டர் உயரச் செங்குத்துப் பாறை. 1831இல் கட்டப்பட்ட கலங்கரை விளக்கம். எதிரே கடலுக்கப்பால் ஓர்க்னித் தீவுகள். பாறையின் மேல்விளிம்புப் புல்லில் பஃபின் பறவைகள் வளை தோண்டி வாழ்கின்றன. செம்மஞ்சள் அலகும், கோமாளி வேடமிட்ட கண்களும், கறுப்பு மேலங்கியும் கொண்ட இச்சிறு பறவையைக் கண்டு சிரிக்காதவர் இரார். ஆண்டுக்கு ஒரே முட்டை. சாண்ட் ஈல் என்னும் விரலளவு மெல்லிய மீன்களை அலகில் குறுக்காக வரிசையாய் அடுக்கிக்கொண்டு குஞ்சுக்குக் கொண்டுவரும். அம்மீன்களைக் கப்பல் கப்பலாக அள்ளித் தீவனமும் எண்ணெயும் ஆக்கியதால் பறவைகள் பட்டினி கிடந்தன. அவ்வாண்டு மார்ச்சில்தான் ஸ்காட்லாந்துக் கடல் முழுவதும் அம்மீன்பிடிப்புக்குத் தடை வந்தது. எல்லா உயிர்களும் நம்மைப் போன்ற சமுதாயங்களே என்னும் கருத்துடைய இறைவசனத்தை ஆண்டுதோறும் பாடத்தில் விளக்குகிறோம். அச்சமுதாயங்களின் உணவு எங்கிருந்து வருகிறது என்று ஒரு நாளும் வினவியதில்லை.

ஆயினும் மருமகன் காத்திருந்தது பஃபினுக்காக அன்று. கீழே, கையகலமே உள்ள பாறை விளிம்புகளில் கில்லிமாட் பறவைகள் தோளோடு தோள் உரசி நின்றன. அவை கூடு கட்டுவதில்லை. வெறும் பாறையில் ஒற்றை முட்டை, ஒருபுறம் கூர்த்த வடிவில். குஞ்சு பொரித்து மூன்று வாரமானதும், பறக்கத் தெரியாத நிலையிலேயே, அந்திப்பொழுதில் கடலுக்குள் குதித்துவிடும் என்றான். கீழிருந்து தந்தைப் பறவை கூவி அழைக்கும், தாயன்று, தந்தைதான். குதித்த குஞ்சைத் தந்தை நடுக்கடலுக்கு அழைத்துச் சென்று, அது தானே இரை தேடும் வரை வாரக்கணக்கில் ஊட்டி வளர்க்கும்.

மணி பத்தானது. ஞாயிறு இன்னும் கடல்மேல் நின்றது. மைத்துனர் கைக்கடிகாரத்தைப் பார்த்து, "மஃரிபுக்கு விடுதிக்குப் போய்விடலாம்" என்றார். மகன் வேலியை விட்டு நகரவில்லை. தந்தையின் குரல் உயர்ந்தது. நாம் இடைமறித்து, இங்கேயே தொழலாம் என்றோம். பத்தரை மணியளவில் ஞாயிறு வடமேற்கில் இறங்கியது. குப்பியில் இருந்த நீரில் ஒளு செய்தோம். காலுறை மீது மஸ்ஹு செய்யும் சலுகையைப் பயணிக்கு மூன்று நாள் என்று எத்தனை வகுப்புகளில் சொல்லியிருப்போம்! வாழ்வில் முதன்முறையாக அன்றுதான் அதைச் செய்தோம். அங்கே கிப்லா தென்கிழக்கில். கடல் எங்கள் முதுகுப்புறம், ஊரிலும் அப்படித்தான். பயணிகளாதலால், ஷாஃபிஈ மத்ஹபின்படி மஃரிபு மூன்றும் இஷா இரண்டுமாகச் சேர்த்துத் தொழுதோம். மூவர் தொழுதோம். நான்காமவன் வேலியருகே நின்றான்.

ஸலாம் கொடுத்த சற்று நேரத்தில், "மாமா! மாமா!" என்று அடக்கிய குரலில் அழைத்தான். ஓடிச் சென்று பார்த்தோம். முன்னிரவு பதினொன்றை நெருங்கியும் பறவைகள் தெளிவாய்த் தெரிந்தன. உள்ளங்கையளவுக் குஞ்சு ஒன்று விளிம்பிற்கு வந்தது, பின்வாங்கியது, மீண்டும் வந்தது. கீழே அலைகளின் மேல் ஒரு பறவை விடாமல் கூவிக்கொண்டிருந்தது. ஆயிரம் பறவைகளின் இரைச்சலில் தன் தந்தையின் குரலை அது எப்படிப் பிரித்தறிந்தது என்பதை அறிந்தவன் அதைப் படைத்தவன். குஞ்சு குதித்தது. பாறை முனையில் ஒருமுறை மோதி, உருண்டு, நீரில் விழுந்தது. எம் இல்லத்தார் வாய்விட்டு அலறிவிட்டார். சில நொடிகளில் கூவிய பறவை அதன் அருகே நீந்தி வந்தது. இரண்டும் வெளிக்கடல் நோக்கிச் சென்றன. மைத்துனரும் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் ஒன்றும் சொல்லவில்லை.

காருக்கு நடக்கையில் மருமகன், கோபமில்லாத குரலில்தான் சொன்னான்: "உங்களுக்கு எளிது மாமா. நீங்கள் பயணிகள். சேர்த்துத் தொழுதுவிட்டு உறங்கப் போகலாம். நான் இங்கேயே வாழ்கிறவன்."

விடுதியில் மைத்துனர் உறங்கிய பிறகு அவனிடம் விவரம் கேட்டோம். அவ்வட்சரேகையில் கோடையின் நடுவில் ஞாயிறு அடிவானத்துக்குக் கீழே எட்டுப் பாகை அளவே இறங்குகிறது. அந்தி ஒளி மறையாமலே விடியல் ஒளியாகிறது. இஷாவின் வக்து என்று கிதாபுகள் கூறும் அடையாளம் வானில் தோன்றுவதேயில்லை. அதனால் ஊருக்கு ஊர், அட்டவணைக்கு அட்டவணை இஷா நேரம் மாறுகிறது. அவன் தந்தை கடினமான கணக்கைத் தேர்ந்துகொண்டார். நள்ளிரவு கடந்து இஷாவுக்கு விழித்திருக்க வேண்டும், மூன்று மணிக்கு முன்னரே சுபுஹுக்கு எழ வேண்டும், எட்டரைக்குப் பள்ளி. இரண்டு கோடைகள் அவ்வாறு எழுந்தான். இரண்டாம் ஆண்டு மே மாதத்தில் பொதுத் தேர்வறையில் உறங்கிவிட்டான். அன்று வீட்டுக்கு வந்து, இனித் தொழமாட்டேன் என்றானாம்.

"ஏன் அந்தக் கணக்கு?" என்று கேட்டோம்.

"ஊரில் கேட்டு உறுதிசெய்ததாக வாப்பா சொன்னார்" என்றான்.

அவன் அதைச் சொன்னதும் எங்களுக்குள் ஏதோ குளிர்ந்துபோனது. ஊரில் என்றால் நம்மிடம்தான். மூன்றாண்டுகளுக்கு முன் ஒரு மாலை, அஸருக்குப் பின் பிள்ளைகள் காத்திருக்க, மைத்துனர் தொலைபேசியில் கேட்டது நினைவுக்கு வந்தது. செவ்வானம் மறையாத ஊருக்கு, அது மறையும் பக்கத்து ஊரின் கணக்கு என்று கிதாபில் உள்ளதைச் சொன்னோம். பிள்ளைக்குத் தூக்கம் கெடுகிறதே என்றபோது, மார்க்கத்தில் சோம்பலுக்கு இடமில்லை என்றும் சொன்னோம். அழைப்பு முழுதும் ஒரு நிமிடம் இருந்திருக்கும். எங்கள் ஊரில் அன்று இஷா ஏழே முக்காலுக்கு. அதைத் தொழுதுவிட்டு ஒன்பதரைக்கு உறங்கினோம்.

அவ்விரவு நமக்கு உறக்கமில்லை. திரைச்சீலையின் ஓரத்தில் வெளிச்சம் போகவேயில்லை. வடபுல மக்களின் இக்கேள்வி புதிதன்று. வோல்கா ஆற்றங்கரையில் இருந்த புல்கார் நாட்டு முஸ்லிம்களைக் குறித்து ஹனஃபி கிதாபுகளில் பெரிய விவாதமே உண்டு. இஷாவின் வக்து வராத நாட்டில் அத்தொழுகை கடமையா என்றுகூட அறிஞர்கள் வாதிட்டனர். கடமைதான் என்று இப்னுல் ஹுமாம் வாதிட்டார்கள். கலீஃபாவின் தூதுக் குழுவில் 922ஆம் ஆண்டில் புல்காருக்குச் சென்ற இப்னு ஃபள்லான், அங்குள்ள முஅத்தின் இஷாவை மஃரிபுடன் சேர்த்தே தொழுவதாகச் சொன்னதையும், சுபுஹு தவறிவிடுமோ என்னும் அச்சத்தில் இரவில் உறங்காதிருந்ததையும் தம் பயணநூலில் பதிந்துள்ளார். ஆயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட அந்த உறங்காத முஅத்தினைப் பற்றி வகுப்பில் சுவைக்காகச் சொல்வோம்; பிள்ளைகள் சிரிப்பார்கள். மதீனாவிலேயே, அச்சமோ மழையோ இல்லாத நிலையில், தம் சமுதாயத்துக்குச் சிரமம் கூடாதென்று நபியவர்கள் (ஸல்) சேர்த்துத் தொழுத செய்தி ஸஹீஹ் முஸ்லிமில் இருப்பதும், அதைக் கொண்டு ஐரோப்பிய அறிஞர் அவைகள் சில கோடையில் சலுகை அளித்திருப்பதும் நமக்குத் தெரியாதவையல்ல. தெரிந்தும் அந்த ஒரு நிமிடத்தில் அவற்றுள் ஒன்றையும் சொல்லவில்லை. அவ்வூர் ஆலிம்களிடம் கேளுங்கள் என்றாவது சொல்லியிருக்கலாம். இமாம் மாலிக் அவர்கள் தம்மிடம் கேட்கப்பட்ட பெரும்பாலான கேள்விகளுக்குத் தெரியாது என்றே விடையளித்தார்கள் என்று மாணவர்களுக்குச் சொல்பவரும் நாமே.

மூன்றாம் நாள் சொல்லிவிட எண்ணினோம், சொல்லவில்லை. சாலை ஒற்றைத் தடமானது. எதிரில் வண்டி வந்தால் ஒதுங்குவதற்கென ஆங்காங்கே சிறு விரிவுகள்; ஒதுங்கியவருக்கு மற்றவர் கைதூக்கி நன்றி சொல்வர். ஸ்ட்ராத்நேவர் பள்ளத்தாக்கில் புல் மூடிய வீட்டடித்தளங்களைக் கண்டோம். 1814லும் 1819லும் நிலவுடைமையாளர்கள் ஆடு வளர்ப்பதற்காகக் குடியானவர்களை வெளியேற்றி வீடுகளைக் கொளுத்திய இடங்கள் அவை. இன்றும் சாலையை மறித்து நிற்பவை ஆடுகளே. டர்னஸ் ஊரில் காற்று நின்ற மாலையில் மிட்ஜ் எனப்படும் பொடிக் கொசுக்கள் எங்களை ஒருவழி ஆக்கின. நான்கு பக்கக் குறிப்பேடு பையிலேயே இருந்தது.

நான்காம் நாள் ஹாண்டா தீவு. டார்பட் என்னும் சிற்றூரிலிருந்து சிறு படகு. 1840களின் உருளைக்கிழங்குப் பஞ்சத்துக்குப் பிறகு அத்தீவில் மனிதர் வாழவில்லை, பறவைகளே வாழ்கின்றன. மலைச்சரிவில் பலகை நடைபாதை. பாங்க்சி என்று அவ்வூரார் அழைக்கும் பெரிய பழுப்புநிறப் பறவை, குஞ்சுகளைக் காக்க மனிதர் தலையை நோக்கிப் பாயும். எம் தொப்பியை ஒருமுறை உரசிச் சென்றது. முன்பு இவை இன்னும் மிகுதி என்றான் மருமகன். உலகிலுள்ள இவ்வினத்தில் பெரும்பகுதி ஸ்காட்லாந்தில்தான் குஞ்சு பொரிக்கிறது. 2022இன் பறவைக் காய்ச்சலில் இக்கரைகளெங்கும் அவை செத்து விழுந்தன. அவ்வாண்டு பல தீவுகளில் படகு இறங்குவதையே நிறுத்தினர். அப்போது அவனுக்குப் பதினான்கு வயது. ஒரு கடற்கரையில் பதினொன்றை எண்ணினானாம். தொடக்கூடாது என்றதால் புதைக்கவும் முடியவில்லை என்றான்.

மைத்துனரும் எம் இல்லத்தாரும் பின்னால் வந்துகொண்டிருந்தனர். பலகைமேல் நின்று சொல்லிவிட்டோம்: "வாப்பாவுக்கு அந்தக் கணக்கைச் சொன்னது நாம்தான். உன் ஊரின் வானத்தை அறியாமல் சொன்னோம். எளிதான வழிகள் இருப்பது தெரிந்தும் சொல்லவில்லை. தவறு நம்முடையது, வாப்பாவுடையதன்று. எம்மைப் பொறுத்துக்கொள்."

அவன் வெகுநேரம் பேசவில்லை. பின்பு, "அன்றைக்கே தெரியாது என்று சொல்லியிருக்கலாமே, மாமா" என்றான். அவ்வளவே. சற்றுத் தொலைவு நடந்ததும் கையைப் பிடித்து நிறுத்தி, வழியோரப் புல்லில் அசையாமல் பதுங்கியிருந்த பாங்க்சிக் குஞ்சைக் காட்டினான். நாம் அதை மிதித்திருப்போம்.

மைத்துனரிடம் சொல்வது அதனினும் கடினமாயிருந்தது. திரும்பும் படகுக்குக் காத்திருக்கையில் சொன்னோம். அவர் முகம் சிவந்தது. "அப்படியானால் இரண்டு ஆண்டு அவனை அழ அழ எழுப்பினேனே, மச்சான், அது எதற்கு?" என்றார். அல்லாஹ் எண்ணத்தைப் பார்க்கிறான் என்று சொல்ல வாயெடுத்தோம்; அது உண்மையே ஆயினும் அவ்விடத்தில் நம்மைக் காத்துக்கொள்ளும் சொல்லாகத் தோன்றியதால் விழுங்கினோம். அவர் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றார். படகு வந்ததும் மகன் ஏறக் கை நீட்டினான், பிடித்துக்கொண்டு ஏறினார். இன்வர்னஸுக்குத் திரும்பியதும் இருவருமாக அங்குள்ள இமாமைச் சந்தித்துக் கோடைக்கான ஒழுங்கைக் கேட்பதென்று காரிலேயே முடிவாயிற்று. அச்சந்திப்புக்கு நாம் உடன் செல்லவில்லை. நாம் இருந்தால் இமாம் சபைக்காகப் பேசக்கூடும்.

ஊர் திரும்பிய பின் அந்த மஸ்அலா வகுப்பில் வந்தது. இம்முறை கரும்பலகையில் அடிவானம் வரைந்து, ஞாயிறு எவ்வளவு கீழே போகிறது என்று பாகையளவில் காட்டினோம். சிரித்த பிள்ளைகளிடம், அங்கே உங்கள் வயதில் ஒருவன் இருக்கிறான் என்றோம்.

அவன் தொழுகிறானா என்று நாம் கேட்கவில்லை. அவன் தந்தையும் சொல்லவில்லை. சென்ற வாரம் அவனிடமிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தது: வெறுமையான டன்னட் முனைப் பாறை விளிம்புகள். கில்லிமாட்கள் எல்லாம் கடலுக்குப் போய்விட்டன என்று எழுதியிருந்தான். அதன் கீழே, "ஊரில் இப்போது இஷா எத்தனை மணிக்கு, மாமா?" என்று கேட்டிருந்தான்.

ஏழு ஐம்பது என்று எழுதினோம். பூநாரை வரும் மாதத்தை மீனவர்களிடம் விசாரித்துக்கொண்டிருக்கிறோம் என்றும் எழுதினோம்.